விலைப் பலகைக்கு மக்கள் கருத்து என்று பெயர் வைக்காதீர்கள்

யோங் பெங்கை உங்களில் பலர் ஓர் ஊராகப் பார்த்திருக்க மாட்டீர்கள். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகிற பஸ் இங்கே நிற்கும். இறங்குவீர்கள், கழிவறைக்குப் போவீர்கள், மீன் உருண்டை சாப்பிடுவீர்கள், ஏறிப் போய்விடுவீர்கள். சொந்தக் காடியில் வருகிறவர்கள் எண்ணெய் ஊற்றிக்கொண்டு போவார்கள். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு, நாடு என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள எண்ணெய் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை போதும். எல்லா மாநிலத்துக்காரனும் அங்கே ஒரு தே தாரிக் குடித்து, விலைவாசியைத் திட்டிவிட்டுத்தான் போகிறான்.

2024 ஜூன் 10. தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அன்று காலை என் மாமா, பழைய ஹைலக்ஸில் காய்கறி ஏற்றி ஓட்டுகிறவர், மேசையைத் தட்டிக் கேட்டார்: “நம்ம கடல்லதான் எண்ணெ கெடக்குதேடா. இன்னும் நாலு எடத்துல தோண்ட வேண்டியதுதானே? நீ இஞ்ஜினியர்தானே, சொல்லு.” சுற்றியிருந்த மேசைகள் தலையாட்டின. நானும் தலையாட்டினேன்.

நான் தலையாட்டியது பொய். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2025 செப்டம்பர் கடைசியில் புடி95 வந்தது. அப்போது குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளியாக இருந்தது. அன்றிலிருந்து அதே மேசையில் கடலைத் தோண்டுவது பற்றி ஒருத்தரும் பேசவில்லை. ஆறு காசு குறைந்ததும் ஒரு தேசத்தின் கடல் கொள்கை மறந்துபோகும் என்றால், அதற்குப் பெயர் மக்கள் கருத்தா?

நம்மாட்கள் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2008-இல் அமெரிக்காவில் பெட்ரோல் ஒரு கேலன் நாலு டாலரைத் தொட்டபோது, கடலில் தோண்டு தோண்டு என்று தேர்தல் மேடைகளில் கோஷமே போட்டார்கள். 2010 மார்ச் 31 அன்று ஒபாமா புதிய கடல் பகுதிகளைத் திறக்கும் திட்டத்தை அறிவித்தார். மூன்றே வாரத்தில், ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்தது. 11 தொழிலாளர்கள் செத்தார்கள். கிணற்றை அடைக்க 87 நாள் பிடித்தது. கருத்துக் கணிப்புகளில் கடல் தோண்டலுக்கான ஆதரவு சரிந்தது. இரண்டு வருடத்தில் பெட்ரோல் விலை மறுபடி ஏறியது, ஆதரவும் பழைய இடத்துக்கே ஏறியது. இறந்த 11 பேரை விலைப் பலகை நினைவில் வைத்துக்கொள்ளாது.

சரி, மாமாவின் கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

மாமா, நம் கடலில் இன்னும் நாற்பது கிணறு தோண்டினாலும் உங்கள் ஹைலக்ஸுக்கு டீசல் மலிவாகாது. நிலையத்தில் விலை ஏறி இறங்குவதற்குக் கணக்கு சிங்கப்பூர்ச் சந்தை விலையிலிருந்து வருகிறது. நாம் எடுக்கிற எண்ணெய் இலேசான நல்ல ரகம், அதில் ஒரு பங்கை நல்ல விலைக்கு வெளியே விற்கிறோம். நம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வெளியிலிருந்தும் எண்ணெய் வாங்குகிறோம். உங்கள் டீசலை மலிவாக வைத்திருந்தது கடல் இல்லை, கஜானா. அரசாங்கம் பணம் போட்டது, விலை இறங்கியது. கையை எடுத்தது, ஏறியது. கஜானாவுக்குப் பெட்ரோனாஸ் பணம் போகிறது, உண்மைதான். 2022-க்கு 50 பில்லியன், 2024-க்கு 32 பில்லியன் ஈவுத்தொகை. ஆனால் அந்தப் பணம் உலக விலையோடு ஏறி இறங்குகிற பணம். உலக விலை ஏறினால் மானியச் செலவும் சேர்ந்தே ஏறும்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணெய்க் கிணறு வீட்டுக் குழாய் மாதிரி இல்லை. வருடம் ஆக ஆக உள்ளழுத்தம் குறையும், எண்ணெயோடு வரும் தண்ணீரின் அளவு கூடும். நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் எண்ணெய்க்குச் சமமான உற்பத்தியைக் காப்பாற்றுவதுதான் பெட்ரோனாஸ் சொல்லும் இலக்கு. இருக்கிற இடத்திலேயே நிற்கவே புதுக் கிணறு தோண்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆழமில்லாத கடலில் சுலபமானதை எடுத்தாகிவிட்டது, ஆகவே ஆழத்துக்குப் போகிறோம். சபா கடலில் 2007-இல் உற்பத்தி தொடங்கிய கிக்கே, நாட்டின் முதல் ஆழ்கடல் வயல். அங்கே கடல் ஏறக்குறைய 1,300 மீட்டர் ஆழம். மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த கிணறு இருந்த ஆழம் ஏறக்குறைய 1,500 மீட்டர். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஆழத்துக்குப் போகலாமா என்று உங்களிடமோ என்னிடமோ யாராவது கேட்டார்களா? அதுதான் என் கேள்வி.

கேட்க வேண்டியதே இல்லை என்கிறது சட்டம். 1974-ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் இந்த நாட்டின் நிலத்திலும் கடலிலும் உள்ள எண்ணெயை முழு உரிமையோடு பெட்ரோனாஸிடம் ஒப்படைத்தது. அந்த நிறுவனம் பிரதமரின் கட்டுப்பாட்டிலும் வழிகாட்டலிலும் இயங்கும் என்றும் சொன்னது. ஒவ்வொரு வருடமும் புதிய கடல் வட்டாரங்கள் நிறுவனங்களுக்கு முன்னால் ஏலத்துக்கு வைக்கப்படுகின்றன. நாடாளுமன்றத்தில் அதற்கென்று ஒரு வாக்கெடுப்பு கிடையாது.

“ஏன், சரவாக்காரன் சண்டை போடுறானே?” என்பீர்கள். போடுகிறான். அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று பாருங்கள். 1999 தேர்தலில் திரெங்கானுவை பாஸ் பிடித்தது, 2000-இல் அந்த மாநிலத்துக்குப் போய்க்கொண்டிருந்த 5 விழுக்காட்டு ராயல்டி நின்றது. ‘வாங் ஏசான்’ என்று பெயரை மாற்றி மத்திய அரசே செலவழித்தது. சரவாக்கில் பெட்ரோஸா, பெட்ரோனாஸா என்ற இழுபறியில் 2025 மே மாதம் பிரதமரும் முதல்வரும் கூட்டறிக்கை விட வேண்டி வந்தது. இரண்டு சண்டையிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் பங்குச் சண்டை. பானையில் யாருக்கு எத்தனை அகப்பை என்ற சண்டை. பானையை இன்னும் எவ்வளவு நேரம் அடுப்பில் வைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

இனி நம் பக்கம் வருகிறேன். இதைப் படிக்கிற நீங்கள் கவிதை படிப்பவர்கள், கூட்டங்களுக்குப் போகிறவர்கள். 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் உட்கார்ந்தபோது நான் பல்கலைக்கழக மாணவன். எங்கள் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இல்லை. நானும் முகப்புப் படத்தை மாற்றினேன். அதே வாரம் வகுப்பில் விரிவுரையாளர், “புதிய கடல் வயல்களைத் திறக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்” என்றார். முப்பது பேரும் தூக்கினோம். நெடுவாசலுக்காக முகப்புப் படம் மாற்றிய கையும் அதில் இருந்தது. வேலை வேண்டும், பிடிபிடிஎன் கடன் கட்ட வேண்டும். எனக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

இதில் ஒரு வெட்கம் இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டையின் வயல் நமக்கு மண், உணர்வு, தாய்நிலம். திரெங்கானுக் கடல் வெறும் வருமானம். அங்கே போராட்டம் 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வரைக்கும் போனது. அந்தச் சட்டமும் நிலத்தோடு நின்றுவிட்டது. ஆழ்கடல் வட்டாரங்கள் ஏலத்துக்கு வந்தபோது ராமநாதபுரம் மீனவர்கள் தனியாகத்தான் கத்த வேண்டியிருந்தது. விவசாயிக்குக் கிடைத்த கண்ணீர் மீனவனுக்குக் கிடைக்கவில்லை. நிலத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறது.

தெரியாத தூரமா? 2021 மே மாதம் சரவாக் கடலில் நாகா 7 என்ற துளையிடும் மேடை சாய்ந்து மூழ்கியது. அதில் இருந்த 101 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதனாலேயே நாம் மறந்தோம். 2023 மே 1, தொழிலாளர் தினத்தன்று, நம் ஜொகூர் கடலில், பூலாவ் திங்கிக்கு அப்பால் பாப்லோ என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 28 பேரில் மூன்று பேர் காணாமல் போனார்கள். அதில் இரண்டு பேர் இந்தியர்கள். யாருடைய கதையில் அவர்கள் வந்தார்கள்? 2025 ஏப்ரல் 1, பெருநாளின் இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து வீடுகள் எரிந்தன. கடலிலிருந்து வருகிற எரிவாயு அப்படிப்பட்ட குழாய்களில்தான் தீபகற்பம் முழுக்க ஓடுகிறது. ஒரு கிளை சிகாமட் வழியாக ஜொகூருக்குள் இறங்குகிறது. 1992 முதல் சிங்கப்பூருக்கும் போகிறது. கடல் தூரத்தில் இல்லைங்க, நம் காலடியில் இருக்கிறது.

2023 மார்ச் வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில் இருந்தார்கள். எங்கள் பத்து பகாட் மாவட்டத்தில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. அந்த ஒரு வெள்ளத்தை ஒரு கிணற்றின் தலையில் கட்ட மாட்டேன், அது விஞ்ஞானம் இல்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். இது முதலாண்டுப் பாடம். மாமாவின் வீட்டுச் சுவரில் அந்த வெள்ளத்தின் கோடு இன்னும் இருக்கிறது. அவரே சாயம் அடிக்கவில்லை.

நம் எழுத்தில் கித்தா மரம் நிற்காத பக்கம் கிடையாது. என் பாட்டியும் பால் வெட்டியவர்தான், நானும் அந்தக் கதைகளைப் படித்து அழுதவன்தான். ஆனால் அந்தக் கதை நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தது? ஒரு நாடு ஒரே சரக்கை நம்பியிருந்தது. விலை விழுந்தது. தோட்டம் துண்டாடப்பட்டது, செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது. முடிவு எடுத்தவர்கள் லாபத்தோடு போனார்கள், மூன்று தலைமுறை உழைத்தவர்கள் மூட்டையோடு போனார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1960-இல் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வந்தபோது, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அதுதான் மக்கள் கருத்து. தன் வாழ்க்கையைப் பற்றித் தானே எடுத்த முடிவு, கைக்காசு போட்டு.

எண்ணெயும் இன்னொரு கித்தாதான். 2009-இல் மத்திய அரசின் வருமானத்தில் 40 விழுக்காட்டை ஒட்டி எண்ணெயிலிருந்து வந்தது. 2025 ஜூனில் பெட்ரோனாஸ் தன் ஊழியர்களில் 10 விழுக்காட்டைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. விளிம்பில் நிற்பவன் முதலில் விழுவான் என்று தோட்டத்து ஜனங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

“நாளைக்கே மூடச் சொல்றியா? உன் அண்ணன் சோத்துல மண்ணப் போடுறியா?” என்று கேட்பீர்கள். கெர்த்தேயிலிருந்து மேடைகளுக்குப் போய்ச் சாரம் கட்டுகிற அண்ணன் முறை ஒருவர் எனக்கு உண்டு. அவரிடமே கேட்டேன். “புதுசு எதுக்குடா? இருக்கிற பழசப் பழுது பாத்து, முடிஞ்சத ஒழுங்கா கழட்டவே எங்களுக்கு இருபது வருஷ வேல கெடக்கு,” என்றார். நாட்டின் கடலில் 300-க்கும் மேற்பட்ட மேடைகள் நிற்கின்றன. பாதிக்கு மேல் 25 வருட வடிவமைப்பு ஆயுளைத் தாண்டியவை. அவற்றைக் கழற்றுவதற்கான செலவு எவ்வளவு, யார் தலையில் விழும் என்பது எந்தச் சாப்பாட்டுக் கடை மேசையிலும் பேசப்படுவதில்லை.

ஆக, மூடு என்று நான் சொல்லவில்லை. புதிய வட்டாரம் திறக்காதே என்கிறேன். திறந்தே தீர வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கும் வாக்குக்கும் வரட்டும். பழைய மேடைகளைக் கழற்றும் கணக்கு பொதுவில் வைக்கப்படட்டும். எதிர்காலத் தலைமுறைக்கென்று 1988-இல் தொடங்கிய குவான் நிதிக்குள் வருடாவருடம் இவ்வளவு போக வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். 2021-இல் தடுப்பூசிக்காக அதிலிருந்து 5 பில்லியன் எடுக்க அவசரச் சட்டமே போட்டார்கள். உயிர் காக்கத்தான், தப்பில்லை. ஆனால் எடுக்கத் தெரிந்த நாட்டுக்குப் போடவும் தெரிய வேண்டும்.

நடக்காத காரியம் என்பவர்கள் நார்வேயைப் பாருங்கள். எண்ணெயால் பணக்காரன் ஆன நாடு. அங்கே லோஃபோட்டன் தீவுகளைச் சுற்றிய கடலைத் தோண்டக் கூடாது என்று வருடக்கணக்கில் ஜனங்கள் நின்றார்கள். 2019-இல் எண்ணெய்த் தொழிலுக்கு நெருக்கமான தொழிற்கட்சியே தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. காட் மீன் முட்டையிடும் கடல் அது. எண்ணெய் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. இந்தக் கடல் வேண்டாம் என்றார்கள். அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு சமூகத்துக்குத் தன் கடலைத் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நான்கு வருடம் பட்டப்படிப்பு படித்தவன் நான், அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை.

போன வாரம் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். தே தாரிக்கை ஆற்றினார். “சரிடா, அன்னிக்கே ஏன் சொல்லல?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று எல்லோரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.