காவலும் கனிவும்

கள்வனை உரத்த குரலால் அதட்டி அடக்குதல் காவலர்க்கு வழக்கம். ஆயின், உள்ளம் நோயுற்று நடுங்கி நிற்பவனிடம் அவ்வதட்டல் பயன் தருமோ? அவனுக்கு அச்சமே மிகும். அச்சம் மிகுந்தவன் கட்டளையை உணரான். அதனைக் காவலர் எதிர்ப்பெனக் கொள்வாராயின் உயிர்க்கே இடர் நேரும்.

அமெரிக்க நாட்டு மெம்பிஸ் நகரில் 1987ஆம் ஆண்டு அவ்வாறே நேர்ந்தது. மனநோயுற்ற இளைஞன் ஒருவன் கத்தியால் தன்னையே கீறிக்கொண்டு நின்றான். அழைப்பின்பேரில் வந்த காவலர் அவனைச் சுட்டு வீழ்த்தினர். நகரமே கலங்கியது. மறு ஆண்டே காவல்துறையினர், பல்கலைக்கழகத்தாரோடும் மனநோயாளரின் குடும்பத்தாரோடும் கலந்து, இத்தகைய வேளைகளுக்கெனத் தனிக்குழு அமைத்தனர். தாமே விரும்பி முன்வந்த காவலர்க்கு 40 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பெற்றது. மெல்லப் பேசுதலையும், பொறுமையுடன் கேட்டலையும், சிறைக்கு மாறாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதலையும் அவர்கள் கற்றனர்.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்நெறியையே வகுத்துள்ளது. ஆதரவின்றி அலையும் மனநோயாளரைக் காவலர் காத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்த்தல் வேண்டும். காவற்கூடத்தில் அடைத்தல் கூடாது. காவலர்க்குக் காலந்தோறும் பயிற்சி அளித்தல் அரசின் கடமை என்றும் அது கூறுகிறது.

காவலர்க்கும் உயிர் அரிது. அவர்தம் அச்சமும் பொய்யன்று. அவ்வச்சத்தைத் தணிப்பதும் பயிற்சியே. ஆதலின் இப்பயிற்சி ஒரு சிலரோடு நில்லாமல், காவல் நிலையந்தோறும் பரவுதல் வேண்டும்.

மாணவர்களே, நாளை காக்கியுடை அணிவோர் உங்களுள்ளும் இருக்கலாம். தெருவில் தனக்குத்தானே பேசிச் செல்பவரை எள்ளி நகையாதிருக்க இன்றே பழகுங்கள்.