எடை குறையலை, ஆனா விரிசல் விட்டுச்சே!

உருகிய உப்பு அணு உலை பத்தின பேச்சு மறுபடி சூடு பிடிச்சிருக்கு. சீனா கான்சு மாகாணத்துல 2 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட சோதனை உலையை 2023-இல் இயக்கத் தொடங்கிடுச்சு. யுரேனியத்தை ஃப்ளோரைடு உப்பில் கரைச்சு, 650 டிகிரி செல்சியஸ் வாக்கில் குழாய்க்குள்ள ஓடவிடற வித்தை. "குழாய் தாங்குமா?"ன்னு கேட்டா, "உப்புல ஊறப்போட்டு எடை பார்த்தாச்சு, அரிப்பு ரொம்பக் கம்மி"ன்னு பதில் சுலபமா வருது. எனக்கு அந்தப் பதில் பத்தாதுங்க.

ஏன்னு சொல்றேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை இப்படி ஒரு உலை ஓடுச்சு. உப்பைத் தாங்கறதுக்குன்னே நிக்கலோட மாலிப்டினம், குரோமியம் எல்லாம் சேர்த்து ஹாஸ்டெலாய்-என் என்ற கலப்புலோகத்தை அங்கே உருவாக்கியிருந்தாங்க. உப்பு அதை அரிச்சது ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா உலையில இருந்த துண்டுகளை வெளியே எடுத்து, இழுத்துப் பார்த்தப்போ மேற்பரப்பில் குட்டிக் குட்டி விரிசல்கள்! யுரேனியம் பிளக்கும்போது உண்டாகிற டெலூரியம், உலோகத்தின் படிக மணிகள் ஒட்டியிருக்கிற எல்லைக்குள்ள புகுந்து அதை நொறுங்க வெச்சிருக்கு.

விரிசலுக்கு ஏது சாமி எடை? தராசு எப்படிக் காட்டும்?

அதனால சூடு, உப்பு, டெலூரியம், இழுவிசை நாலும் ஒரே நேரத்துல இருக்கணும். நொடிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாதிரி மெதுவா இழுக்கணும். வேகமா இழுத்தா உப்புக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. இதே சோதனையை உப்பில்லாம, வெறும் ஆர்கான் வாயுவிலும் செய்யணும். அந்தச் சூட்டுல உலோகம் தானாவே நீண்டு விரிசல் விடும். அதைக் கழிச்சாத்தான் உப்போட பங்கு தெரியும். கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் உப்பு கெட்டு, அளவீடே பொய்யாகிடும்.

கஷ்டம்தான், செலவுதான். ஆனா இழுத்துப் பார்த்ததாலதான் மருந்தும் கிடைச்சுது: கலப்புலோகத்துல 1 முதல் 2 சதவீதம் நியோபியம் சேர்க்கறது, உப்போட ஆக்சிஜனேற்றத் தன்மையைக் கட்டுக்குள்ள வைக்கறது.

அந்த உலை ஓடினது நாலு வருஷம். இப்போ திட்டம் போடறவங்க பல பத்து வருஷத்துக்குப் பேசறாங்க. குழாய்க்குள்ள ஓடறது வெந்நீர் இல்லை, கதிரியக்க எரிபொருள். இழுவிசையில சோதிச்ச கணக்கைக் காட்டாம "உலோகப் பிரச்சினை தீர்ந்தது"ன்னு யாரும் சொல்லக்கூடாதுங்கறது என் கட்சி. நீங்க எந்தக் கட்சி?