என்ன படிக்கிறீங்க சார்?

ஜனவரி பிறந்தால் எனக்கு ஒரு பயம் வந்துவிடும். வருமான வரிப் பயம் இல்லை. அதற்கு நான் படித்த பி.காம். போதும். இது சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு நண்பர்கள் போடுகிற போட்டோக்களைப் பற்றிய பயம். வாங்கிய புத்தகங்களை மேஜை மேல் செங்கல் மாதிரி அடுக்கி, முதுகில் இருக்கும் பெயரெல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுத்து, 'இந்த வருட அறுவடை' என்று ஃபேஸ்புக்கில் போடுவார்கள். கீழே நாற்பது பேர் வந்து 'அருமை' என்பார்கள். அடுத்த வாரம் அந்த நாற்பது பேரில் ஒருவர் என்னை எங்காவது மடக்கி, "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்பார்.

நான் ஒரு பெயரைச் சொல்வேன். அவர் ஒரு பெயரைச் சொல்வார். இரண்டு பேருமே கொஞ்சம் பொய் சொல்கிறோம். தலைமாட்டில் கிடப்பது ராஜேஷ்குமார், வாயில் வருவது ரஷ்ய நாவல்.

யோக்கியன் வேஷம் போடவில்லை. நானும் அடுக்கிப் படம் போட்டவன்தான். அந்த அடுக்கில் பாதிப் புத்தகங்களுக்குள் கடைக்காரர் போட்ட பில் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வேலையாகச் சங்கரன்கோவில் போய்விட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பனவடலிசத்திரத்தில் பஸ் மக்கர் பண்ணிவிட்டது. 2019-ல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிற ஊர். பெயரிலேயே சத்திரம் இருப்பதால் வழிப்போக்கனுக்கு உட்கார இடம் இல்லாமலா போகும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சில் ஒரே ஒரு தினத்தந்தி, நாலு தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில். ஒருவர் மட்டும் சத்தமாகப் படிக்க, கண் தெரியாத ஒரு பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரியவேண்டும் என்று சி.பா.ஆதித்தனார் 1942-ல் ஆரம்பித்த பத்திரிகை. நம்மில் பலருக்கு அதைப் படிப்பது 'படிப்பு'க் கணக்கில் வராது.

என் கையில் தடியாக ஒரு நாவல். பக்கத்தில் நின்ற அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவராம். மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்.

"அது கதப் புஸ்தகமா அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன். பட்டணத்துப் பழக்கம் விடுமா? "நீங்க இப்ப என்ன படிக்கீங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டிய போங்க. அறிவொளில எழுத்து படிச்சேன். பொறவு மக வாங்கிட்டு வார ரமணிசந்திரன் கதையெல்லாம் ஒண்ணு விடாமப் படிச்சேன். அவளக் கட்டிக்குடுத்தாச்சு. இப்ப புஸ்தகத்துக்கு எங்க போவ? எங்க ஊர்ல நூலகம்னு ஒரு கட்டடம் இருக்கு. பூட்டுத்தான் தொங்குது. வெயிலுக்கு ஆடு படுத்துக் கெடக்கு."

அவர் ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த ஊர் மட்டும் செய்த பாவமில்லை அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் 'என்ன' என்று கேட்டேன், அவர் 'எங்கே' என்று பதில் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு இந்த 'என்ன படிக்கிறீங்க'வே பிடிக்காமல் போய்விட்டது.

அறிவொளி இயக்கத்தை ஞாபகம் இருக்கிறதா? 1990-களின் தொடக்கத்தில் தெருவிளக்கடியிலும் திண்ணையிலும் உட்கார்ந்து, வேலை முடிந்து வந்த பெண்களுக்குத் தொண்டர்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தைக் கொடுத்த நாம் அதற்கு அப்புறம் படிக்க என்ன கொடுத்தோம்? ஒரு கட்டடம் கொடுத்தோம். 2006-ல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சி என்று எடுத்துக்கொண்டு, ஐந்து வருஷத்தில் 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் நூலகம் கட்டுவதாக ஏற்பாடு. நல்ல திட்டம், சந்தேகமில்லை. 2011-ல் ஆட்சி மாறியது. அந்தத் திட்டம் போய் வேறு பெயரில் வேறு திட்டம் வந்தது. பல ஊர்களில் சுவரும் அலமாரியும் நின்றன. திறக்கிற கை நின்றுபோனது. 2021-க்குப் பிறகு அதே திட்டத்தின் இரண்டாம் பாகம் வந்து பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கினார்கள். வெள்ளையடித்த சுவர் புத்தகம் கொடுக்குமா? சாவி யாரிடம், அவருக்குச் சம்பளம் எவ்வளவு, சாயங்காலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? இதைச் சொல்லுங்கள், நான் கை தட்டுகிறேன்.

கட்டடமே இல்லாமல் காரியம் நடந்த காலமும் உண்டு. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்தவர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிப் புத்தகமாகப் போட்டதும் அதே வருஷம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. 'தரமான' புத்தகம் என்று அவர் சொல்லவில்லை, அவருக்கான புத்தகம். ரமணிசந்திரன் கேட்கிற அம்மாளுக்கு ரமணிசந்திரன். அதைப் படித்தவர் நாளைக்கு வேறொன்றைக் கேட்பார், கேட்காமலும் போவார். அது அவர் பாடு. நமக்கு என்ன பஞ்சாயத்து?

பீடி என்றதும் கியூபா ஞாபகம் வருகிறது. அங்கே சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், வேலை நடக்கும்போது ஒருவர் மேடையில் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் சத்தமாகப் படிப்பது வழக்கம். அவருக்குச் சம்பளம் தொழிலாளர்கள் கையிலிருந்து போட்டது. 'மான்டிகிரிஸ்டோ' என்று ஒரு சுருட்டுக்கே அவர்கள் கேட்டு ரசித்த நாவலின் பெயர் வந்தது. கடல் தாண்டுவானேன், நம் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் ஒருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் சுற்றினார்கள். படிப்பது படித்தவர்களின் சொத்து என்று நாம்தான் பட்டா போட்டு வைத்திருக்கிறோம்.

பனவடலிசத்திரத்திலிருந்து கிழக்கே போனால் கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல். 1923-ல் அந்தச் சின்ன ஊரில் இரண்டு பேர் பிறந்தார்கள், கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும். முன்னவருக்கு 1970-ல் காலமான பிறகும், பின்னவருக்கு 1991-லும் சாகித்திய அகாடமி விருது. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத கி.ரா.வைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது. அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அந்த இரண்டு பேரும் 'என்ன படிக்கிறே' என்று கேட்டுக்கொண்டதில் அர்த்தம் இருந்தது. ஒருவர் படித்தது இன்னொருவர் கைக்குப் போனது.

சரி, காசுக்கு வருவோம். வாசகரே, நீங்கள் சொந்த வீட்டுக்காரராக இருந்தால் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஊராட்சியில் கட்டுகிற வீட்டு வரிக்கும் உண்டு. வாடகைக்கு இருந்தால் வாடகைக்குள் அது ஒளிந்திருக்கிறது. சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக 1948-ல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டம் கொடுத்த வரி. வசூலிப்பது உள்ளாட்சி. நூலக ஆணைக்குழுவுக்கு அதைக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் மாறி மாறிச் செய்தி வருகிறது. முதல் வருஷ பி.காம். பையனைக் கேளுங்கள். அடுத்தவனுக்காக வாங்கிய பணம் வருமானத்தில் வராது, கடனில்தான் வரும். கடைக்காரர் இப்படிச் செய்தால் நாம் அதற்கு வைத்திருக்கிற பெயரே வேறு.

இதை ஏன் யாரும் கேட்பதில்லை? கேட்கிற வாய் உள்ளவர்கள் நூலகத்தை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டோம். கடையில் வாங்குகிறோம், கிண்டிலில் இறக்குகிறோம். 2011 நவம்பரில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவதாக அறிவித்தபோது என்ன சத்தம் போட்டோம்! உயர் நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கினார்கள். நூலகம் பிழைத்தது. நானும் கத்தியவன்தான், அதில் வெட்கம் இல்லை. ஆனால் கிராமத்தில் தொங்கிய பூட்டுகளுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. அங்கே ஏ.சி. இல்லை, நமக்குத் தெரிந்த எழுத்தாளர் யாரும் அங்கே கூட்டம் பேசவில்லை.

"ஜனங்க எங்க சார் படிக்கறாங்க, எல்லாம் செல்போன்" என்பார் அடுத்த சீட்டுக்காரர். பூட்டின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு 'யாருமே உள்ளே வருவதில்லை' என்று குறைப்படுகிற மாதிரி இருக்கிறது.

மாற்று பஸ் வருவதற்குள் என் நாவலை அந்த அம்மாளிடம் நீட்டினேன். வாங்கிப் புரட்டினார். கண்ணுக்கு அருகில் வைத்தார், தள்ளி வைத்தார். "எழுத்து பொடிசா இருக்கு அண்ணாச்சி. நீங்களே வச்சிக்கிடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் தாராள மனசுக்கு அது நல்ல அடி.

ஊருக்கு வந்ததும் சொத்து வரி ரசீதை எடுத்துக்கொண்டு போய், "இந்த நூலக வரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று கவுன்டரில் கேட்டேன். உள்ளே இருந்தவர் ரசீதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சார், இதையெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார்.

நீங்கள் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் பத்து ரூபாய்தான். உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ போன வருஷம் எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு கட்டியது என்று இரண்டே கேள்வி. பதில் வந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நீங்கள் இப்போது என்ன புத்தகம் படிக்கிறீர்கள் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.