ரத்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணு எண்ணிக்கை மாறியிருக்கா? மெடிக்கலுக்கு ஓடும் முன் இதைப் படிங்க!

விளாத்திகுளம் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் கரிசல் காட்டில் உளுந்து, பாசி, மக்காச்சோள வேலையும் மழைக்காலக் காய்ச்சலும் ஒன்றாகவே வரும். காய்ச்சல் விடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை. கையில் கிடைக்கும் ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். அதில் 'டோட்டல் கவுண்ட்' மாறியிருந்தால் சிலர் "கேன்சரா இருக்குமோ" என்று பயப்படுகிறார்கள். சிலர் நேராக மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்கிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து இரண்டையுமே முடிவு செய்ய முடியாது.

எது நார்மல்?

பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளை அணுக்கள். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். புகைப்பழக்கமும் ஸ்டீராய்டு மாத்திரையும்கூட எண்ணிக்கையைக் கூட்டும்.

எந்த அணு மாறியிருக்கு?

டோட்டல் கவுண்டுக்குக் கீழே 'டிஃபரன்ஷியல் கவுண்ட்' இருக்கும். விஷயமே அதில்தான். நியூட்ரோஃபில் கூடினால் பெரும்பாலும் பாக்டீரியா தொற்று. ஈசினோஃபில் கூடினால் அலர்ஜி, ஆஸ்துமா அல்லது குடற்புழு. டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் மொத்த எண்ணிக்கையே குறையும், டைபாய்டிலும் குறையலாம். அதனால்தான் டாக்டர் தட்டணுக்களையும் மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்க்கிறார்.

ஒரு கணக்கு: மொத்தம் 2,800, நியூட்ரோஃபில் 60 சதவீதம் என்றால் 1,680. இது 1,500-க்குக் கீழே போனால் குறைவு. 500-க்குக் கீழே போய், காய்ச்சலும் இருந்தால் அவசர சிகிச்சை தேவை.

மெடிக்கலில் கேட்டு வாங்கினால் என்ன?

வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதும் சட்டப்படி தவறு.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

காய்ச்சல் போன பிறகும் எண்ணிக்கை இயல்புக்கு வராதது, உடல் எடை குறைவது, கழுத்து, அக்குளில் நெறி கட்டுவது, காரணமில்லாமல் ரத்தம் கசிவது, ரிப்போர்ட்டில் 'பிளாஸ்ட்' என்ற சொல் இருப்பது. இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் சந்தேகம் எழுவது இப்படித்தான். 12,000 என்ற ஒற்றை எண்ணால் அல்ல.

செய்ய வேண்டியது என்ன?

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனால் காட்டு வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் பலரும் மெடிக்கலோடு நின்றுவிடுகிறார்கள். ரிப்போர்ட்டிலேயே தமிழில் ஒரு வரி, "இந்த எண் மாறியுள்ளது, டாக்டரிடம் காட்டவும்" என்று அச்சிடுவது லேபுகளுக்குப் பெரிய செலவில்லை. அரசு மருத்துவமனை லேபுகள் இதை முதலில் தொடங்கலாம். தன் ரத்தத்தைப் பற்றிய தகவல் தனக்குப் புரிகிற மொழியில் கிடைப்பது நோயாளியின் உரிமை.