கையொப்பத்திற்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று

சென்ற ஆண்டு ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரவு பத்து மணிக்குமேல், பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். ஆசிரியப் பயிற்சியும் முடித்து, இப்போது சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறார். நலம் விசாரித்த பின் சற்றுத் தயங்கிக் கேட்டார்: “ஐயா, நாளைக்குக் காலையில தலைமையாசிரியர்கிட்ட பாடக்குறிப்பேடு வைக்கணும். மலைவளம் சொல்ற செய்யுள் ஒண்ணு. நல்ல பாடக்குறிப்பு கிடைக்கிற தளம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கய்யா.”

எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று சுட்டிகளை அனுப்பினேன். நன்றி கூறினார். அதன்பின் வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்குச் சொல்லவேண்டிய விடை அதுவன்று என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிரவு சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

‘பாடக்குறிப்பு’ என்று தேடுபொறியில் இட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொட்டிக் கிடக்கிறது. வகுப்புவாரியாக, வாரவாரியாக, அலகுவாரியாக. கற்றல் விளைவுகள், ஊக்கமூட்டல், அறிமுகம், வாசித்தல், மனவரைபடம், தொகுத்தல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி என்று கட்டங்கள் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கின்றன. ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழியினர் வகுத்த ஐந்து படிகளை ஆசிரியப் பயிற்சியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த அடுக்கு புதிதன்று. பெயர்கள் மாறியிருக்கின்றன, எலும்புக்கூடு அதுதான். ஒரு குறிப்பைப் படித்துவிட்டு அடுத்த தளத்துக்குப் போனால் அதே குறிப்பு, அதே எழுத்துப்பிழையோடு அங்கும் இருக்கிறது. யார் முதலில் எழுதியது, எந்த மாணவர்களுக்காக எழுதியது என்பதற்கு எங்கும் தடயம் இல்லை.

இதற்காக ஆசிரியர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுதும் வகுப்பு, இடையில் புள்ளிவிவரம், மாலையில் விடைத்தாள், இரவில் செயலியில் பதிவேற்றம் என்று இருப்பவரிடம் வாரந்தோறும் பத்துப் பக்கம் எழுதிக் கையொப்பம் வாங்கச் சொன்னால், அவர் எங்கிருந்தாவது எடுத்து எழுதத்தான் செய்வார். கையொப்பத்திற்காக எழுதப்படும் எழுத்து கையொப்பத்தோடு முடிந்துவிடுகிறது. வகுப்பறை வாசலை அது தாண்டுவதில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், ஒரு தலைகுனிவின் வழியே கிடைத்த தகுதி உண்டு. 2022ஆம் ஆண்டு. முதலாண்டு பொதுத்தமிழ் வகுப்பு. குறுந்தொகையின் மூன்றாம் பாடலை நடத்த வேண்டும். தலைவி தன் நட்பின் அளவை நிலத்தோடும் வானத்தோடும் கடலோடும் ஒப்பிட்டு, கடைசியில் குறிஞ்சிப் பூவின் தேனில் கொண்டுவந்து நிறுத்தும் தேவகுலத்தாரின் பாடல். இணையத்தில் யாரோ செய்துவைத்திருந்த காட்சித் தொகுப்பு ஒன்று கிடைத்தது. வண்ணமும் அசைவும் இசையும் இருந்தன. முந்தின நாள் வேறு வேலை இருந்ததால் அப்படியே இறக்கிக்கொண்டுபோய்த் திரையில் ஓட்டினேன். நீலமும் ஊதாவுமாகப் பூக்கள் திரையை நிறைத்தபோது வகுப்பு வாய்பிளந்து பார்த்தது. கடைசி வரிசையிலிருந்து வணிகவியல் மாணவி ஒருத்தி எழுந்தாள். நீலகிரிப் பெண்.

“ஐயா, இது குறிஞ்சி இல்லைங்கய்யா. ஜக்கரண்டா. எங்க ஊர் ரோட்டோரம் எல்லாம் நிக்கும். மரம். வருசா வருசம் பூக்கும்.”

பிறகு அவள் சொன்னாள்: 2018இல் குறிஞ்சி பூத்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பு, அவளுடைய அப்பா கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாராம். முழங்கால் உயரச் செடிகளாம். அருகில் ஒற்றைப் பூவாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, எதிர்மலைச் சரிவைப் பார்த்தால்தான் தெரியுமாம். ஐந்து நிமிடம் அவள் பேசினாள். அன்று அந்தப் பாடலை நடத்தியது அவள்தான். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அலங்கார மரம் ஒன்றைக் காட்டிச் சங்கப்பாடல் நடத்த முற்பட்ட நான், மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

படம் தவறு என்பது சிறிய பிழை. திருத்திக்கொள்ளலாம். நீலகிரிப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள் என்பதை நான் அறியாமலிருந்தேனே, அதுதான் பெரிய பிழை. அறிந்திருந்தால் அந்தக் காட்சித் தொகுப்பே தேவைப்பட்டிராது. முதலில் அவளைப் பேசவைத்துவிட்டுப் பாடலுக்குள் போயிருப்பேன். பிறர் எழுதிய எந்தக் குறிப்பிலும் அவள் இருந்திருக்க வழியில்லை.

நம் மரபு இதை எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் பாடம் சொல்லும் முறையை வகுக்கிறார். இடமும் காலமும் அறிய வேண்டும். சொல்லப்போகும் பொருளை முன்கூட்டியே உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். விரைவும் வெகுளியும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவன் எவ்வகையில் கொள்வான் என்பதை அறிந்து அவன் உள்ளம் ஏற்கும்படி சொல்ல வேண்டும். பாடக்குறிப்புக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியாது. பொருளை ஒழுங்குபடுத்துவது ஒரு பாதி. கொள்வோனை அறிவது மறுபாதி. இணையம் முதற்பாதிக்குத் துணை செய்யும். மறுபாதி நம் கண்ணெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் நெறியை உணர்த்தக் கபிலர் பாடியது என்பது அந்நூலைப் பற்றி வழிவழியாக வரும் குறிப்பு. தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அடுக்கும் அந்தப் பகுதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்கிறவர்களுக்கு அது பட்டியலாகத் தெரியும். தமிழ் நிலத்தை அறியாத ஒருவனை எதிரே உட்காரவைத்துச் சொல்கிறார் என்று எண்ணிப் படித்தால் அந்தப் பட்டியலுக்கே உயிர் வருகிறது. அந்தக் குறிப்பின்படி பார்த்தால், 261 அடிகளும் ஒரே ஒரு மாணவனுக்காகத் திட்டமிடப்பட்ட பாடம்.

அப்படியானால் இணையத்தில் தேடவே வேண்டாமா? கட்டாயம் தேட வேண்டும். எதைத் தேடுகிறோம் என்பதில்தான் என் கருத்து வேறுபாடு. சமைத்த பண்டத்தைத் தேடாமல் சரக்கைத் தேடுங்கள் என்கிறேன். சரக்கு நம் மொழிக்கு ஏராளமாக இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் விலையின்றி.

நான் முதுகலை படித்த நாட்களில் எங்கள் நூலகத்தில் உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு ஒரே ஒரு படி இருந்தது. 1937இல் முதலில் வெளிவந்த அந்தப் பதிப்பின் மறு அச்சு. அது பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். அப்போதுதான் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த உலாவு மையத்தில் மதுரைத் திட்டத்தின் பக்கங்களை முதன்முதலாகப் பார்த்தேன். எழுத்துரு இல்லாமல் முதலில் கட்டங்கட்டமாகத் தெரிந்தது. மையத்துப் பையன் ஏதோ செய்தபின் குறுந்தொகை திரையில் எழுந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த முயற்சியில், கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், உலகின் பல மூலைகளிலிருந்த தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து தந்த மூலங்கள் அவை. ஆசிரியர் ஒருவருக்கு இணையம் தந்த முதல் பெரிய கொடை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தத் தன்னார்வலர்கள் எனக்குப் பாடம் எழுதித் தரவில்லை. பாடலைத் தந்தார்கள். மற்றது என் வேலையாக இருந்தது.

இன்று அந்தச் சரக்கு இன்னும் பெருகியிருக்கிறது. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போதைய தமிழ் இணையக் கல்விக்கழகம், சங்க நூல்களை உரைகளோடு வைத்திருக்கிறது. அகராதிகளும் பண்பாட்டுக் காட்சியகமும் அங்கே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் சொல்லிட்டுத் தேடலாம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் நூலகம் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சாகியுள்ள கியூ.ஆர். குறியீடுகள் காணொளிகளுக்கு இட்டுச் செல்கின்றன. இவற்றில் எதுவும் வகுப்பை நமக்காக நடத்தாது. நடத்தத் தேவையானதைக் கையில் கொடுக்கும்.

ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஒன்று, கையால் தட்டச்சு செய்யப்பட்ட மூலத்தில் பிழை இருக்கலாம்; சீர்பிரிப்பும் பாடவேறுபாடும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பலகையில் எழுதுமுன் நல்ல அச்சுப்பதிப்பு ஒன்றோடு, அல்லது அதன் ஒளிவருடிய படியோடு ஒப்பிட்டுக்கொள்வது பத்து நிமிட வேலைதான். மற்றொன்று புதிய எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் நொடிப்பொழுதில் முழுப் பாடக்குறிப்பே வந்து விழுகிறது. சோதனைக்காக ஒருமுறை சங்கப்பாடல் ஒன்றுக்குக் குறிப்புக் கேட்டேன். கட்டங்கள் எல்லாம் பிழையின்றி இருந்தன. நடுவில் மேற்கோளாகக் காட்டிய நான்கு அடிகள் மட்டும் எந்தச் சங்க நூலிலும் இல்லை. இலக்கணமாக, சங்கப்பாடலின் சாயலிலேயே இருந்தன. மூலத்தை அறியாதவர் அப்படியே நம்பி நடத்தியிருப்பார்.

எதிர்வாதம் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு ஆயத்தக் குறிப்பு ஒரு பிடிமானம் அல்லவா? ஆம். ஐம்பது பிள்ளைகள் முன்னால் முதல்முறை நிற்பவருக்கு நாற்பது நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதே தெரியாது. மாதிரி வேண்டும். சமையல் கற்கத் தொடங்குபவர் குறிப்பைப் பார்த்துத்தான் தொடங்குவார். எத்தனை ஆண்டு குறிப்பைப் பார்த்தே சமைப்பது என்பதுதான் கேள்வி. அதைவிட முக்கியம், அந்த மாதிரிகளில் இல்லாமற்போன ஒரு பகுதி. எந்தக் குறிப்பிலும் ‘நடத்திப் பார்த்தேன், இந்த இடத்தில் இடறியது’ என்ற ஒரு வரி இல்லை. எல்லாப் பாடமும் வெற்றிகரமாக முடிகிறது. எல்லா மாணவரும் எதிர்பார்த்த விடையையே சொல்கிறார்கள். வகுப்பறையில் நின்றவர் எவரும் இதை நம்பமாட்டார்.

ஆகவே, தம் பாடக்குறிப்பை இணையத்தில் பகிரும் ஆசிரிய நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கடைசியில் மூன்று வரி சேருங்கள்: யாருக்கு நடத்தினீர்கள், அவர்கள் என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினீர்கள். பாடக்குறிப்பேட்டைப் பார்வையிடும் தலைமையாசிரியர்களிடமும் ஒன்று கேட்பேன். பத்துப் பக்கத்துக்குப் பதில், ஆசிரியர் தாமே எழுதிய அரைப்பக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அரைப்பக்கத்தில் பொய் எழுதுவது கடினம்.

பழைய மாணவர் இரண்டு மாதம் கழித்து மீண்டும் பேசினார். அன்று நான் அனுப்பிய சுட்டி ஒன்றிலிருந்து பாடக்குறிப்பைப் பார்த்தெழுதினாராம். திங்கட்கிழமை காலையே கையொப்பமும் கிடைத்ததாம். வகுப்பில் ஊக்கமூட்டல் கேள்வி: ‘மலையில் என்னென்ன இருக்கும்?’ எதிர்பார்க்கும் விடையும் குறிப்பிலேயே இருந்தது: அருவி, மூங்கில், தேன், யானை. பிள்ளைகள் சொன்ன விடை வேறு.

“லாரி, வெடி, தூசின்னு சொன்னாங்கய்யா. எங்க ஊர்ல மலைன்னா குவாரிதானுங்களே. அதுக்கு மேல அந்தக் குறிப்புல ஒண்ணும் இல்ல. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. சரி, அந்த மலை முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

மறுநாள் பிள்ளைகள் கொண்டுவந்தவற்றில் ஒரு சுனை இருந்ததாம். அதன் பெயரைத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒரே ஒரு பாட்டிதானாம். அதன் பிறகுதான் அவர் செய்யுளைத் தொடங்கியிருக்கிறார்.

இப்போது அவர் இரண்டு குறிப்பேடு வைத்திருக்கிறார். ஒன்று கையொப்பத்திற்கு, மற்றொன்று வகுப்புக்கு. இரண்டாவதில் அந்தச் சுனையின் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆண்டு குறிஞ்சித் திணையைத் தொடங்கும்போது, அந்தப் பிள்ளைகளின் விடையை என் மாணவர்களிடம் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்க உத்தேசம். என்ன விடை வரும் என்று எனக்குத் தெரியாது.