மலையில் பிறந்த பாட்டு

மலையில் வாழ்பவர்க்குப் பாட்டு ஒரு துணை போலும். அமெரிக்க நாட்டின் அப்பலாச்சிய மலைச்சாரலில் உழவரும் சுரங்கத் தொழிலாளரும் பாடிய பாட்டிலிருந்து வளர்ந்ததே இன்று ‘கண்ட்ரி’ இசை என்று உலகெங்கும் வழங்குவது. அவ்விசையின் பழம்பாடல்களைத் திரட்டிய தொகுப்பொன்றை அண்மையில் கேட்டேன். சொற்கள் பாதி விளங்கின, பாதி விளங்கவில்லை. ஆயினும் என் மனம் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் ஓடிற்று. அதற்குக் காரணம் உண்டு.

1927ஆம் ஆண்டு ஜூலை மாதம், விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் சார்பில் ரால்ப் பீர் என்பவர் டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து தங்கினார். கிளிஞ்ச் மலையடிவாரத்திலிருந்து கார்ட்டர் குடும்பத்தார் மூவர் அங்கு வந்து பாடினர். தட்டுகள் நன்றாக விற்பனையாயின. மேலும் பாட்டுகள் தேவைப்படவே, ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று பழம்பாடல்களைச் சேகரித்தார். அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கித்தார்க் கலைஞர். கார்ட்டர் சொற்களை ஏட்டில் எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் வாங்கிக்கொள்வார். இருவரும் சேர்ந்தால்தான் பாட்டு முழுமையாக வீடு வந்து சேரும்.

அக்காலத்துத் தட்டுகள் நாளடைவில் மூலைக்கு மூலை சிதறின. 1952இல் ஹாரி ஸ்மித் என்பவர் அத்தகைய பதிவுகளில் 84ஐத் தேர்ந்து ஒரு தொகுப்பாக்கினார். பின்வந்த இளைஞர் கூட்டம் அதைக் கேட்டே தம் நாட்டுப் பாட்டை மீண்டும் கற்றது. ஒரு தொகுப்பினால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு இது சான்றன்றோ?

இனி நம் மலைக்கு வருவோம்.

பூண்டுலோயாப் பகுதியில் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாகவும் பாடியவர். லயங்களில் வழங்கிய தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி முதலியவற்றைத் தேடித் திரட்டிய பெருமையும் அவருக்கே உரியது. 1984இல் அவர் மறைந்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் அத்தொகுதி 1987இல் நூலாக வந்தது.

இப்பாடல்களை வெறும் பொழுதுபோக்கென்று கருதுதல் தவறு. மலைநாட்டார் பலரும் அறிந்த பாட்டொன்று உண்டு. கோப்பிப் பழம் பறிக்கையில் ஒரு பழம் தவறியதற்காகச் சின்னத்துரையிடம் உதை வாங்கிய துயரை அது கூறுகின்றது. 1869இல் தோன்றிய இலைநோய் சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் பயிரிடத் தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. கோப்பி போயிற்று, துரையும் போனார், உதை மட்டும் பாட்டில் நின்றுவிட்டது. கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் ஏறாத செய்தி இது. ஏழையின் சரித்திரத்தைப் பாட்டன்றி வேறு யார் எழுதுவர்?

ஆயினும் ஒரு குறை. நூல் சொல்லைத்தான் காக்கும். கொழுந்து பறிக்கும் கைக்கேற்ப விரைந்த மெட்டும், தப்பின் அடியும், தாலாட்டில் தாய் மூச்சு வாங்கும் இடமும் அச்சில் ஏறுவதில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. பின்னர்க் கப்பலேறியவர்களில் எத்தனையோ பேர் நீலகிரிக்குச் சென்று குடியேறினர். ஒரே லயத்துப் பாட்டு இரண்டு மலைகளில் பிரிந்து வாழ நேர்ந்தது. அறிந்தவர் ஒவ்வொருவராக மறைய, மெட்டும் அவர்களுடன் மறைகின்றது. நமக்கு ஒரு கார்ட்டர் கிடைத்தார். ரிடில்கள் எங்கே?

மாணவர்களே, அந்தப் பணி உங்களுடையது. ரிடில் மனத்தில் சுமந்ததை இன்று உங்கள் கைப்பேசி சுமக்கும். அடுத்த விடுமுறையில் அம்மாயியிடமோ அப்பாயியிடமோ அமர்ந்து, அவர்கள் அறிந்த பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். எந்த வேலையின்போது, யாரிடம் கற்ற பாட்டு என்று விசாரியுங்கள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாட முதியோர் தயங்குவர், வற்புறுத்த வேண்டாம். நாணத்தால் பாதியில் நிறுத்தினாலும் பொறுத்திருங்கள். மறுநாள் அவர்களே அழைப்பார்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கார்ட்டர் குடும்பத்தின் இசைத்தட்டுகளில் ரிடிலின் பெயர் இல்லை. 1960களில் மைக் சீகர் என்னும் இசைஞர் அவரைத் தேடிக் கண்ட பின்னரே அவர் தொண்டை உலகம் அறிந்தது. ஆகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் உரக்கச் சொல்லுங்கள். வாழ்நாளெல்லாம் செக்ரோலில் மட்டுமே பெயர் பதிந்த ஒரு மூதாட்டிக்கு, அவர் பாட்டின் தலையிலும் ஒருமுறை பெயர் பதியட்டும்.