கையைக் கொடு, வரிசையில் நில்!



"நம்ம பிரச்சினையே தலைக்கு மேல் கிடக்கிறது. இதில் அரபுக்காரர்களின் ஆட்டத்தைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் பாலஸ்தீன மாணவர்கள் நடத்திய ஒரு கலைநிகழ்ச்சிக்கு நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். பத்துப் பன்னிரண்டு பேர் கைகோத்து, தோளோடு தோள் ஒட்டி நின்று, தரை அதிர மிதித்து ஆடினார்கள். முடிந்தது என்று நினைத்துக் கைதட்டினேன். முடியவில்லை! மேடையை விட்டு இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெரியவர், சிறுவர், கழுத்தில் கேமராவோடு வந்தவர் என யாரையும் விடவில்லை. தொப்பை விழுந்த இந்த வழக்கறிஞரும் மாட்டிக்கொண்டேன். நாலு அடி தப்பாக வைத்தேன். பக்கத்தில் நின்ற பையன் சிரித்துக்கொண்டே, "அங்கிள், என் காலைப் பாருங்கள்" என்றான். ஐந்தாறு சுற்றில் கால் தானாக வந்துவிட்டது.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் தப்கே. பாலஸ்தீனம், லெபனான், சிரியா, ஜோர்டான் ஆகிய நாடுகளின் கிராமத்து ஆட்டம் இது. அந்த ஊர்களில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்து வீடுகளுக்கு மண் கூரை. மழைக்கு முன்னால் மண்ணை மிதித்து இறுக்கினால்தான் கூரை ஒழுகாது. ஒரு குடும்பத்தால் மட்டும் அது ஆகிற காரியமா? அக்கம் பக்கத்தார் ஏறி வரிசையாக நின்று, பாட்டுப் பாடி மிதித்துக் கொடுப்பார்களாம். இப்படி ஒருவருக்கொருவர் உதவுவதை அரபியில் 'அவ்னா' என்கிறார்கள். அந்த மிதிதான் பிறகு கல்யாண வீட்டு ஆட்டமானது என்கிறார்கள்.

வரிசையின் தலையில் ஒருவர் கைக்குட்டையையோ மணிமாலையையோ சுழற்றியபடி ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஒரே அடி வைக்க வேண்டும். அடி தெரியாதவன் நடுவில் மாட்டினாலும் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அரபுக்காரர் என்றாலே முஸ்லிம்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. இந்த நாடுகளில் கிறிஸ்துவ அரபு மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். இரு மதத்தாரின் கல்யாணத்திலும் இதே ஆட்டம்தான்.

1948-ல் 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்தார்கள். 400-க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளில்லாமல் போயின. நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? ஆனால் காலில் இருந்த அடி கூடவே போனது. அகதி முகாமில் பிறந்த பிள்ளைகள், கண்ணால் காணாத தாத்தா ஊரின் ஆட்டத்தை முகாமிலேயே கற்றார்கள். 1979-ல் ரமல்லாவை ஒட்டிய அல்-பீராவில் 'எல்-ஃபுனூன்' என்ற நடனக் குழு உருவாகி, இந்த ஆட்டத்தை உலக மேடைகளுக்குக் கொண்டு போனது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ, பாலஸ்தீன தப்கேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். பிழைப்புத் தேடிப் போன அரபுத் தொழிலாளர்கள் மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் நகரின் ஃபோர்டு கார் தொழிற்சாலையை ஒட்டிக் குடியேறினார்கள். உழைக்க வரலாம், ஆனால் குடியுரிமை? அன்றைய சட்டப்படி 'வெள்ளையர்' என்று நிரூபித்தாக வேண்டும்! 1915-ல் ஜார்ஜ் டௌ என்ற சிரியர் மேல்முறையீடு வரை போய் வென்றார். 1923-ல் நம் இந்தியாவைச் சேர்ந்த பகத் சிங் திந்த் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1942-ல் ஏமன் நாட்டு அகமது ஹசனுக்கு டெட்ராய்ட் நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. இரண்டே ஆண்டில் வேறொரு நீதிமன்றம் இன்னொரு அரபியருக்குக் கொடுத்தது. 1952-ல்தான் இந்த இனத் தடை சட்டத்திலிருந்து நீங்கியது.

அதன் பிறகு வந்தது வேறு சிக்கல். அரசாங்கப் பாரங்களில் அரபியருக்கென்று கட்டமே இல்லை. 'வெள்ளையர்' கட்டத்தில் அடக்கிவிட்டார்கள். கட்டம் இல்லையென்றால் கணக்கு இல்லை. கணக்கு இல்லையென்றால் எத்தனை பேர் ஏழை, எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேருக்கு வேலை மறுக்கப்பட்டது என்று எப்படிக் காட்டுவது? பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2020 கணக்கெடுப்பில் பூர்வீகத்தை எழுதிக் காட்ட இடம் கிடைத்தபோது, டியர்போர்ன் மக்களில் பாதிக்கு மேல் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பூர்வீகத்தை எழுதினார்கள். 2024 மார்ச்சில் தனிக் கட்டம் அறிவிக்கப்பட்டது.

ஆட்டம் ஆடியதால் கட்டம் கிடைத்ததா? இல்லை. மனுவும் வாதமும் எண்ணிக்கையும்தான் வாங்கித் தந்தன. ஆனால் வழக்கறிஞராக ஒன்று சொல்கிறேன். 'நாங்கள் ஒரு சமுதாயம்' என்று ஒரு மக்களே நினைக்காவிட்டால், அவர்களுக்காக எந்த மனுவைத் தயார் செய்வது? யார் கையெழுத்துப் போடுவார்? பாரத்தில் பெயர் இல்லாத காலத்திலும் ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் அந்த மக்கள் கைகோத்து வரிசையில் நின்றார்கள். 1971-ல் டியர்போர்னில் சின்னக் கடை ஒன்றில் தொடங்கிய 'ஆக்சஸ்' என்ற அமைப்பு, 2005-ல் அரபு அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தையே திறந்தது. நாம் யார் என்பதை மறக்காத மக்களால்தான் இது முடியும்.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். தோட்டத்து லயத்து வாசலில் நம் பாட்டிமார் கும்மி கொட்டியபோது யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கவில்லை. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் வட்டத்துக்குள் வந்தார்கள். இன்று? டத்தோ வரும்போது நாலு பிள்ளைகள் மூன்று நிமிடம் ஆடுகிறார்கள். நாம் கைப்பேசியில் படம் எடுக்கிறோம். டத்தோ போனதும் மேடையும் காலி. பிள்ளைகள் மேடையில் ஆடட்டும், தப்பில்லை. ஆனால் பார்ப்பதோடு நாம் நின்றுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுப்போம்?

அடுத்த கோயில் திருவிழாவிலோ, பள்ளி விழாவிலோ, குடியிருப்புப் பொங்கலிலோ கடைசி அரை மணி நேரம் நாற்காலிகளை ஓரம் கட்டுங்கள். தெரிந்த பாட்டியை நடுவில் நிறுத்துங்கள். தெரியாத பிள்ளையின் கையைப் பிடித்து இழுங்கள். தப்பாக அடி வைத்தால் சிரிக்கட்டும், பரவாயில்லை. ஐந்தாறு சுற்றில் கால் வந்துவிடும், எனக்கே வந்தது!

பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் வீட்டுக்கும் நாம் கதவைத் தட்டும் நாளில், பக்கத்தில் நிற்பவர் யார் என்று அன்றைக்குத் தேட வேண்டியிருக்காது.